அபினியோடு போராடிய லின் சே-சூ

போதைப் பொருளை அரசு அடியோடு தடுக்க வேண்டுமா, அன்றி அனுமதித்து வரி விதித்துக் கட்டுக்குள் வைக்க வேண்டுமா? நம் விடுதி உணவுக்கூடத்திலும் பேச்சு மன்றத்திலும் அடிக்கடி எழும் கேள்வி இது. இதனை நாம் புதிய கேள்வி என்று எண்ணுகிறோம். ஏறத்தாழ 190 ஆண்டுகளுக்கு முன்பே சீனப் பேரரசர் ஒருவர் தம் அதிகாரிகளிடம் இதே கேள்வியைக் கேட்டார். அதற்கு விடை கூறியதோடு நில்லாமல், அந்த விடைக்காகத் தம் பதவியையும் இழந்தவர் லின் சே-சூ.

அவர் 1785-ஆம் ஆண்டு, சீனத்தின் தென்கிழக்குக் கடற்கரையில் உள்ள ஃபூசோ நகரில் பிறந்தார். தந்தை ஏழை ஆசிரியர். செல்வம் இல்லாத வீட்டுப் பிள்ளை உயர்வதற்கு அன்று சீனத்தில் இருந்த ஒரே ஏணி அரசுத் தேர்வுதான். லின் அதில் படிப்படியாக ஏறி, 1811-இல் தலைநகரில் நடந்த மிக உயர்ந்த தேர்விலும் வென்றார். பிறகு பல மாகாணங்களில் பணியாற்றினார். ஆற்றங்கரைகளைச் செப்பனிட்டார்; வெள்ளத்தால் வாடியோருக்கு உதவினார். கையூட்டு வாங்காத அதிகாரி அரியவராய் இருந்த காலம் அது. மக்கள் அவருக்குத் தெளிந்த வானம் என்றே பெயர் சூட்டினர்.

அந்நாட்டை அப்போது அபினி அரித்துக்கொண்டிருந்தது. கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால் உறைந்து அபினி ஆகிறது. அதிலுள்ள மார்பின் வலியைத் தணிக்கும் அரிய மருந்து. ஆனால் அதற்குப் பழகிய உடல், அது கிடைக்காதபோது படும் வேதனை பெரிது. சீன அரசு 1729-இலேயே அபினி விற்பனையைத் தடுத்துவிட்டது. தடை ஏட்டில் இருந்தது. சரக்கோ கடலில் வந்துகொண்டே இருந்தது. 1820-ஐ ஒட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 பெட்டிகள் வந்தன. 1838-இல் அது 40,000 பெட்டிகளை நெருங்கியது. ஒவ்வொரு பெட்டியிலும் 60 கிலோவுக்கு மேல் அபினி இருந்தது.

இச்சரக்கு எங்கிருந்து சென்றது? நாம் பயிலும் இந்நாட்டிலிருந்துதான். பீகாரிலும் காசியைச் சுற்றிய பகுதிகளிலும் கிழக்கிந்தியக் கம்பெனி உழவருக்கு முன்பணம் கொடுத்துக் கசகசா பயிரிடச் செய்தது. விளைந்த அபினியைக் கல்கத்தாவில் ஏலம் விட்டது. மாளவத்து அபினி பம்பாய் வழியே சென்றது. தடையை மீறிய பழி தன்மேல் விழாதபடி, கம்பெனி தன் கப்பல்களில் ஏற்றாமல் தனி வணிகரிடம் அதனை விட்டது. வணிகர் சீனத்தில் வெள்ளி பெற்றனர். அந்த வெள்ளி இங்கிலாந்துக்கு வேண்டிய தேயிலைக்கு விலையாயிற்று. சீனத்தின் வெள்ளியோ வெளியேறியது. வெள்ளியின் விலை ஏற, அதனைக் கொண்டு வரி செலுத்திய குடியானவன் நொந்தான்.

1836-இல் ஷூ நைஜி என்னும் அதிகாரி பேரரசருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். தடை கடுமையாகும் அளவுக்குக் கையூட்டுதான் வளர்கிறது. ஆதலால் அபினியை மருந்து என அனுமதித்து வரி வாங்கலாம். வெள்ளி கொடாமல் பண்டமாற்றாக மட்டும் பெறலாம். அதிகாரிகள், கற்றோர், படைவீரர் ஆகியோருக்கு மட்டும் தடை போதும் என்பது அவர் வாதம். 1838-இல் ஹுவாங் சுவேசி என்பவர் நேர்மாறாக எழுதினார். புகைப்பவன் இல்லையேல் விற்பவனும் இல்லை. ஆகவே ஓராண்டு தவணை தந்து, அதன் பின்னும் விடாதவனுக்கு மரண தண்டனை விதிக்க வேண்டும் என்றார்.

பேரரசர் தாவோகுவாங் இதனை மாகாண ஆளுநர்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார். பெரும்பாலோர் புகைப்பவனைக் கொல்வதற்கு இசையவில்லை. இசைந்த சிலருள் லின் ஒருவர். அன்று அவர் ஹூனான், ஹூபே மாகாணங்களின் தலைமை ஆளுநர். ஆனால் அவர் வெறும் தண்டனையோடு நிற்கவில்லை. பழக்கத்தை விடுவிக்கும் மருந்துகளின் செய்முறைகளையும் உடன் எழுதி அனுப்பினார். தம் ஆட்சிப் பகுதியில் ஆயிரக்கணக்கான புகைக்குழாய்களைப் பறிமுதல் செய்தும் காட்டினார். பேரரசர் அவரைத் தலைநகருக்கு அழைத்துப் பலமுறை பேசி, காண்டன் துறைமுகத்துக்குத் தனி ஆணையராக அனுப்பினார். ஷூ நைஜியோ பதவி இழந்தார்.

லின் 1839 மார்ச் மாதம் காண்டன் சேர்ந்தார். அயல்நாட்டு வணிகர் தம் அபினி முழுவதையும் ஒப்படைக்க வேண்டும் என ஆணையிட்டார். அவர்கள் தயங்கவே, அவர்கள் தங்கியிருந்த பண்டகசாலைகளை வளைத்துக் காவல் வைத்தார். ஆங்கிலேய வணிகத் தலைவர் சார்லஸ் எலியட், தம் அரசு இழப்பீடு தரும் என்று வணிகருக்கு உறுதி கூறி, 20,283 பெட்டிகளை ஒப்படைத்தார்.

ஜூன் 3-ஆம் நாள் ஹூமென் கடற்கரையில் அழிப்பு வேலை தொடங்கியது. எரித்தால் எச்சம் மண்ணில் ஊறும். அதைத் தோண்டி எடுப்பர். ஆகவே பெருங்குழிகளில் உப்புநீர் நிரப்பி அபினியை ஊறவைத்து, சுண்ணாம்பைக் கொட்டினர். நீர் பட்ட சுண்ணாம்பு கொதித்தது. அபினி குழைந்து சிதைந்தது. கலவை வற்றுக்கடலோடு வெளியேற்றப்பட்டது. இருபத்து மூன்று நாள் இவ்வேலை நடந்தது. கடலை மாசுபடுத்தியதற்காகக் கடல் தெய்வத்திடம் மன்னிப்பு வேண்டி வழிபட்டார் லின்.

அதே ஆண்டு, காண்டனில் மருத்துவமனை நடத்திய அமெரிக்கர் பீட்டர் பார்க்கரிடம் ஆள் அனுப்பி, அபினிப் பழக்கத்தை எல்லார்க்கும் போக்கவல்ல ஒரே மருந்து உண்டா என்று கேட்டார். அப்படி ஒன்று இல்லை என்பதே விடை. விக்டோரியா அரசிக்கு ஒரு மடலும் எழுதினார். அஃது அரசியின் கைக்குப் போய்ச் சேரவில்லை. இங்கிலாந்தில் அபினி தடுக்கப்பட்டுள்ளது என்று அதில் அவர் நம்பியிருந்தார். உண்மையில் அங்கே அது கடைகளில் தாராளமாகக் கிடைத்தது!

1840-இல் ஆங்கிலேயப் போர்க்கப்பல்கள் வந்தன. அப்படையில் சென்னை மாகாணத்துச் சிப்பாய்களும் இருந்தனர். கப்பல்கள் தலைநகரை அண்டியதும் பேரரசரின் மனம் மாறியது. லின் பதவி நீக்கப்பட்டு, மேற்கெல்லையில் இலி என்னும் ஊருக்கு நாடு கடத்தப்பட்டார். போகும் வழியில் மஞ்சளாறு உடைத்துக்கொள்ள, கரையடைக்கும் வேலையை அவரிடமே கொடுத்தனர். வேலை முடிந்ததும் தண்டனை தொடர்ந்தது. இலியிலும் அவர் சும்மா இருக்கவில்லை. வாய்க்கால் வெட்டுவித்து நிலம் திருத்தினார். 1845-இல் திரும்ப அழைக்கப்பட்டு மீண்டும் ஆளுநர் ஆனார். 1847-இல் எழுதிய ஒரு கடிதத்தில், உள்நாட்டில் கசகசா பயிரிடுவதால் தீங்கில்லை என்ற அளவுக்கு அவர் கருத்துத் தளர்ந்திருந்தது. வெள்ளி வெளியேறும் கவலை அவரை எவ்வளவு வாட்டியது என்பதற்கு இதுவே சான்று. 1850-இல் புதிய பணி ஒன்றை ஏற்றுச் செல்லும் வழியில் மறைந்தார்.

அவருக்குப் பின் என்ன நடந்தது? 1858-இல் அபினி வணிகம் வரியோடு அனுமதிக்கப்பட்டது. அரசுக்கு வருவாய் வந்தது, இறக்குமதியும் பெருகியது, உள்நாட்டு விளைச்சல் அதனையும் மிஞ்சியது. 1906-இல் சீனம் மீண்டும் தடை விதித்தது. 1907-இல் இந்திய அபினியை ஆண்டுதோறும் குறைக்க ஆங்கிலேய அரசும் உடன்பட்டது. 1913-இல் அந்த ஏற்றுமதி நின்றது. லின் தனியே நின்று செய்ய முடியாததை, விற்பவன் ஒப்பியபோது செய்ய முடிந்தது.

இவ்வரலாற்றில் தடை ஒருமுறை தோற்றது. அனுமதியும் ஒருமுறை தோற்றது. ஷூ நைஜி கையூட்டைச் சரியாகக் கண்டார், நோயாளியைக் காணவில்லை. லின் நோயாளியைக் கண்டார், மருந்தும் தேடினார். ஆயினும், குணமாகாதவனுக்குக் கயிறு என்ற சட்டத்துக்கு அவர் துணை நின்றது அவருடைய புகழில் ஒரு கறையே. ஒரே மருந்து இல்லை என்று மருத்துவரே கூறும் நோய்க்கு, ஆறாதவனைக் கொல்வது எவ்வாறு நீதியாகும்?

காசியைக் கடந்து கங்கை செல்லும் வழியில் காஜிப்பூர் உள்ளது. கம்பெனி 1820-இல் தொடங்கிய அபினித் தொழிற்சாலை இன்றும் அங்கே அரசின் கையில் இயங்குகிறது. அதன் பொருள் இப்போது மருந்துக்குப் போகிறது. உரிமம் பெற்ற உழவர் பயிரிடலாம். மற்றவர் பயிரிட்டால் குற்றம். பழக்கத்துக்கு அடிமையானவர் தாமே முன்வந்து சிகிச்சை பெற்றால், சிறு அளவு வைத்திருந்த குற்றத்துக்கு வழக்கிலிருந்து விலக்குப் பெறவும் 1985-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. தடையும் அனுமதியும் ஒரே சட்டத்துக்குள் வாழ்கின்றன.

நண்பர்களே, அடுத்த முறை இவ்விவாதம் எழும்போது எப்பக்கமும் பேசுங்கள். ஆனால் மூன்று கேள்விகளை மறவாதீர்கள்: இலாபம் யாருக்குச் செல்கிறது? அவனைச் சட்டம் எட்டுமா? விழுந்தவனைத் தூக்குபவர் யார்? முதல் இரண்டுக்கும் அரசுகளே விடை கூற வேண்டும். மூன்றாவதற்கு விடை கூற நம்மாலும் முடியும். பக்கத்து அறைத் தோழன் ஒருவன் அவ்வலையில் சிக்கியிருந்தால், அவனைப் பழித்து ஒதுக்காமல், மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.