ஆசிரியர் கல்கி: ஏட்டிலும் திரையிலும்

மட்டாஞ்சேரியில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் வந்தியத்தேவனை அறியாத சிறுவர் இன்று அரியர். ஆயின் அவர்கள் அவனை அறிந்தது தொலைக்காட்சிப் பெட்டியின் வாயிலாக. பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயிலும் அவர்களுட் பலருக்குத் தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கவும் வருவதில்லை. முன்னாளிலோ, பஜார் சாலைப் பண்டகசாலையில் கணக்கெழுதிவிட்டு வீடு திரும்பிய பெரியவர் வாரப் பத்திரிகையை உரக்கப் படிக்க, வீட்டார் அனைவரும் சுற்றியமர்ந்து கேட்பராம். நம் மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆகவே ஆசிரியர் கல்கி அவர்களின் வாழ்க்கையை, அவர்தம் கதைகள் திரைக்குச் சென்ற கதையோடு சேர்த்து எழுத முற்பட்டோம்.

ரா. கிருஷ்ணமூர்த்தி என்னும் இயற்பெயருடைய கல்கி, 1899-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் தஞ்சை மாவட்டத்துப் புத்தமங்கலத்தில் பிறந்தார். திருச்சியில் பயின்றுகொண்டிருந்தவர், காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் தொடங்கவே 1921-இல் படிப்பைத் துறந்து, அடுத்த ஆண்டே சிறை புகுந்தார். பின்னர்த் திரு. வி. க. அவர்களின் 'நவசக்தி'யில் எழுத்துத் தொழில் பழகினார். திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் தங்கி, இராஜாஜி நடத்திய மதுவிலக்குப் பத்திரிகையான 'விமோசன'த்துக்குத் துணை நின்றார். எஸ். எஸ். வாசனின் 'ஆனந்த விகடன்' ஆசிரியப் பொறுப்பு அவரிடம் வந்தபின் தமிழகமெங்கும் அவர் பெயர் பரவிற்று.

விகடனில் கர்நாடகம் என்ற புனைபெயரில் ஆடலையும் பாடலையும் அவர் ஈவிரக்கமின்றி விமரிசனம் செய்தார். அத்தகையவர் தாமே ஒரு படத்துக்குக் கதை தருவார் என்று எவர் நினைத்திருப்பர்? 'தியாக பூமி' அவ்வாறு பிறந்ததே. டைரக்டர் கே. சுப்பிரமணியம் படம் பிடித்துக்கொண்டிருக்க, அதே கதை விகடனில் தொடராக வெளிவந்தது. ஓவியர் வரைந்த சித்திரங்களுக்கு மாறாகப் படத்தின் புகைப்படங்களே தொடரை அலங்கரித்தன. பாபநாசம் சிவன் சம்பு சாஸ்திரியாகவும், எஸ். டி. சுப்புலட்சுமி சாவித்திரியாகவும் நடித்தனர். கணவனால் கைவிடப்பட்டவள், செல்வம் பெற்றபின் அவனோடு மீண்டும் வாழ மறுக்கிறாள் என்பது அந்நாளில் சிறு செய்தியன்று. 1939-இல் வெளியான படத்தை ஆங்கில அரசு பின்னர்த் தடை செய்தது. ஏட்டைவிடத் திரைக்கு அரசு அஞ்சிற்று என்றே நாம் கொள்கிறோம். எழுத்தறியாதாரிடத்தும் திரை பேசிவிடுகிறதன்றோ?

கதைக்கும் படத்துக்கும் எங்கும் இத்தகைய இணக்கம் இருந்ததில்லை. நாம் வாழும் இக்கேரள நாட்டிலேயே, சி. வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்ட வர்மா' 1933-இல் மௌனப் படமாக வந்தபோது, நூலுரிமை பெற்றிருந்த பதிப்பகத்தார் வழக்குத் தொடுக்க, படம் முடங்கிப்போயிற்று.

1941-இல் விகடனை விட்டு விலகிய கல்கி, மீண்டும் சிறை சென்றார். சதாசிவத்துடன் சேர்ந்து தம் பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். எம். எஸ். சுப்புலட்சுமி நடித்த 'மீரா' படத்துக்குப் பாடல்களும் எழுதினார். ஆயினும் அவர் பெயரை நிலைநிறுத்தியவை சரித்திர நாவல்களே.

அவற்றுள் முதலாவது 'பார்த்திபன் கனவு'. அதில் வரும் சிவனடியார் உண்மையில் யார் என்பதைக் கல்கி நெடுநேரம் மறைத்து வைக்கிறார். ஏட்டில் அது இயலும், சொல்லுக்கு முகமில்லை. 1960-இல் அது படமாயிற்று. திரையில் தாடி ஒட்டினாலும் கண்ணும் குரலும் காட்டிக் கொடுத்துவிடுகின்றனவே! இது படமெடுத்தவர் பிழையன்று, கருவியின் இயல்பு.

'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை மூன்றரை ஆண்டுகள் வாரந்தோறும், மணியத்தின் சித்திரங்களோடு வந்தது. 1958-இல் எம். ஜி. ஆர். படமாக்க முற்பட்டும் நிறைவேறவில்லை. 1999-இல் மேஜிக் லேண்டர்ன் குழுவினர் சென்னையில் நாடகமாக நடித்தனர். மணிரத்னத்தின் படம் 2022-இலும் 2023-இலும் இரு பாகங்களாக வந்தது. ஐந்து பாக நாவலை ஐந்தரை மணி நேரத்துக்குள் அடக்கியமை பெருந்திறமை, மறுப்பாரில்லை. ஆனால் கல்கி வாசகரைக் கைப்பிடித்து வீராணம் ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்வாரே, இடையிடையே நின்று சரித்திரம் சொல்வாரே, அந்தக் குரலைத் திரையில் காணோம். குரல் போனதோடு முடிவும் மாறிற்று. பூமாலை கட்டிச் சிவத்தொண்டு புரியும் சேந்தன் அமுதனே உண்மையான மதுராந்தகன் என்பதும், அருள்மொழிவர்மர் அவனுக்கே மணிமுடி சூட்டுகிறார் என்பதும் நாவலின் உயிர்நாடி. படத்திலோ அரண்மனையில் வளர்ந்த மதுராந்தகனுக்கே முடி செல்கிறது. அமுதன் சிறு வேடமாகக் கரைந்துவிடுகிறான்.

தம் சரித்திர நாவல் ஒன்றேனும் திரையேறக் காணாமலே, 1954-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் கல்கி மறைந்தார். 'கள்வனின் காதலி' படமும் மறு ஆண்டே வந்தது. 'அலை ஓசை'க்குச் சாகித்திய அக்காதெமி விருதும் அவர் மறைவுக்குப் பின்னரே கிட்டிற்று. எழுதிக்கொண்டிருந்த 'அமர தாரா' பாதியில் நிற்க, மகள் ஆனந்தி அதனை நிறைவு செய்தார்.

அண்மையில் நம் அன்பர் ஒருவர் இல்லத்தில், படத்தை மும்முறை பார்த்த சிறுமியிடம் சேந்தன் அமுதனைப் பற்றிக் கேட்டோம். படகில் வரும் பெண்ணுக்குத் தோழன் என்றாள். இல்லை, அவன்தான் சோழ நாட்டின் அரசன் என்று பாட்டியார் சொல்ல, அவள் நம்பவில்லை. நம் சங்க அலமாரியிலிருந்து ஐந்தாம் பாகம் அன்று மாலையே அவ்வீட்டுக்குச் சென்றது. பாட்டியார் படிக்கிறார், சிறுமி கேட்கிறாள்.