டேக்வாண்டோ வீரர்களை நின்ற இடத்தில் குதிக்கச் சொல்வது ஏன்? சர்க்கஸிலிருந்து வந்த டாக்டர் சார்ஜென்ட்டின் கதை

டேக்வாண்டோ போட்டியில் கால் பட்டாலே பாயின்ட் கிடைத்துவிடாது. மார்புக் கவசத்தில் இருக்கும் சென்சார், அந்த எடைப் பிரிவுக்கென்று வைத்திருக்கும் அளவைத் தாண்டி விழும் உதையைத்தான் கணக்கில் எடுக்கும். அதனால் கோச்சுக்கு எப்போதும் ஒரு கவலை: காலில் பவர் ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா? அதைப் பார்க்க ஓர் எளிய வழி, நின்ற இடத்திலேயே எம்பிக் குதிக்கச் சொல்வது. இதற்கு சார்ஜென்ட் ஜம்ப் என்று பெயர்.

சார்ஜென்ட் என்றதும் போலீஸ்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். டட்லி ஆலன் சார்ஜென்ட் ஒரு டாக்டர். அதற்கு முன்னால் சர்க்கஸ்காரர்!

1849-ல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தார். உடற்பயிற்சிப் பித்துப் பிடித்து, பதின்பருவத்தில் சர்க்கஸில் சேர்ந்து வித்தை காட்டினார். 1869-ல் பௌடன் கல்லூரி ஜிம்மைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர், பிறகு அதே கல்லூரியில் மாணவராகச் சேர்ந்து 1875-ல் பட்டம் வாங்கினார். 1878-ல் யேல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம்.

அடுத்த ஆண்டே ஹார்வர்டு அழைத்தது. புதிதாகக் கட்டிய ஹெமன்வே ஜிம்முக்கு இயக்குநர், கூடவே உதவிப் பேராசிரியர் பதவி. ஒவ்வொருவர் உடல்வாகுக்கும் ஏற்ப எடையைக் கூட்டிக் குறைக்கும் கப்பி இயந்திரங்களை அவர் வடிவமைத்தார். இன்று ஜிம்மில் நீங்கள் இழுக்கிற கேபிள் மெஷினுக்கு அவை தாத்தா மாதிரி. ஆனால் காப்புரிமை வாங்கவில்லை. காசு பார்த்தவர்கள் வேறு ஆட்கள்.

ஹார்வர்டில் பெண்கள் சேர முடியாத காலம் அது. 1881-ல் பெண்களுக்கென்றே தனியாக ஓர் உடற்பயிற்சிக் கூடம் தொடங்கினார். பிறகு அது பயிற்சி ஆசிரியைகளை உருவாக்கும் பள்ளியாக வளர்ந்தது. ஹார்வர்டோ 10 ஆண்டுகளில் அவரது பேராசிரியர் பதவியைப் பறித்துக்கொண்டது. உடற்பயிற்சி ஒரு படிப்பா என்ற இளக்காரம் அன்றும் இருந்தது. ஆனாலும் இயக்குநராக 1919 வரை அங்கேயே இருந்தார்.

இவ்வளவு காலமும் அவர் விடாமல் செய்த வேலை, அளவெடுப்பது. மார்பு, தொடை, கெண்டைக்கால் என்று ஒரு தையல்காரரைவிட அதிகமாக டேப் பிடித்திருப்பார். ஆயிரக்கணக்கான மாணவ மாணவியரின் சராசரியை வைத்து ஓர் ஆண் சிலை, ஒரு பெண் சிலை செய்து 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் வைத்தார்கள். சராசரி உடலைச் சிலையாக்கி என்ன பயன் என்று இன்று நமக்குத் தோன்றலாம். தொடையின் சுற்றளவு, அந்தத் தொடை என்ன செய்யும் என்பதைச் சொல்லாதே!

1921-ல், 70 வயதைத் தாண்டிய பிறகு, அவர் வெளியிட்ட கட்டுரை அந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. தலைக்கு மேலே ஓர் அட்டை வட்டைத் தொங்கவிட வேண்டும். முழங்காலை மடக்கி, எம்பி, உச்சந்தலையால் அதைத் தொட வேண்டும். அவ்வளவுதான் சோதனை. பலம், வேகம், லாகவம் மூன்றும் அந்த ஒரு நொடியில் தெரிந்துவிடும் என்றார். குதித்த உயரத்தோடு உடல் எடையையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். 58 கிலோ வீரரும் 80 கிலோ வீரரும் ஒரே 35 செ.மீ. குதித்தால், இருவரின் கால்களும் செய்த வேலை ஒன்றல்ல.

1924 ஜூலையில் சார்ஜென்ட் இறந்தார். டேக்வாண்டோ என்ற பெயரே கொரியாவில் 1955-ல்தான் வந்தது. அவர் அதைப் பார்த்ததே இல்லை.

இன்று அட்டைக்குப் பதிலாக சென்சார் பாய், அல்லது உங்கள் கையிலிருக்கும் போன். காலிரண்டும் காற்றில் இருந்த நேரம் தெரிந்தால் உயரம் தெரிந்துவிடும்: அரை நொடி என்றால் சுமார் 31 செ.மீ. நொடிக்கு 240 ஃப்ரேம் ஸ்லோமோஷனில் எடுத்தால், அரை நொடிக்கு 120 ஃப்ரேம். முழங்காலை மடக்கிக்கொண்டு இறங்கினால் நேரம் கூடி, உயரம் அதிகமாகக் காட்டும். கோச்சுகள் அதில் உஷாராக இருப்பார்கள்.

அதிகம் குதிப்பவர்தான் நன்றாக உதைப்பார் என்று அர்த்தமில்லை. உதையில் டைமிங், தூரக் கணிப்பு, நுட்பம் எல்லாம் இருக்கிறது. அதனால் பக்கத்தில் நிற்பவரோடு ஒப்பிடுவதைவிட, அவரவருடைய போன வாரத்து அளவோடு ஒப்பிடுவதுதான் பயன். களைப்பு தீரவில்லையோ என்று சந்தேகப்பட வைக்கும் ஓர் அடையாளமாகவும் இந்த உயரம் இருக்கலாம். காயத்திலிருந்து திரும்புகிறவரை ஒற்றைக் காலில் குதிக்கச் சொல்வார்கள். இரண்டு கால்களுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், அன்றைக்குக் களமிறங்க வேண்டாம் என்று சொல்ல கோச்சிடம் ஒரு எண் இருக்கும்.