வாங்கும்போதும் நீதி வேண்டும்: இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கடை தரும் பாடம்



 

விற்பவர் எடை குறைக்கக் கூடாது, குறையை மறைக்கக் கூடாது என்று மிம்பரில் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். ஆனால் வாங்குபவருக்கும் ஒரு ஒழுக்கம் இருக்கிறது. அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். கணவர் மவுத்தாகிவிட்டார். அவர் சேர்த்து வைத்த பழைய வெள்ளி நாணயங்களை, வீட்டுச் செலவுக்காக நாணய வியாபாரியிடம் கொண்டுபோகிறார். வெள்ளியின் எடைக்கு என்ன கிடைக்குமோ அது போதும் என்பது அவர் எண்ணம். ஆனால் அதில் ஒரு காசு அபூர்வமானது, எடையைப் போல் பல மடங்கு மதிப்புள்ளது என்பது வியாபாரிக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது. அவர் எதையும் சொல்லாமல், எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று மட்டும் கேட்கிறார். அந்தப் பெண் சொன்ன சொற்ப விலையைக் கொடுத்து வாங்கிக்கொள்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. எடையிலும் குறை வைக்கவில்லை. அப்படியென்றால் இந்த லாபம் சுத்தமானதா?

இதற்குப் பதில் தேடி, ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முந்தைய கூஃபா நகரத்துக்குப் போவோம்.

வியாபாரியாக ஓர் இமாம்

நுஃமான் பின் ஸாபித் என்ற இயற்பெயர் கொண்ட இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 80-ல் கூஃபாவில் பிறந்தார்கள். பட்டு கலந்து நெய்த ‘கஸ்’ என்ற உயர்ந்த துணியை வியாபாரம் செய்தார்கள். வாலிபத்தில் கடைவீதியே அவர்களுடைய உலகமாக இருந்தது. அவர்களின் அறிவுக் கூர்மையைக் கண்ட இமாம் ஷஅபீ (ரஹ்) அவர்கள், உலமாக்களின் சபைக்குப் போய் இல்மைத் தேடும்படி தூண்டினார்கள். அந்த வார்த்தை உள்ளத்தில் பதிந்தது. பிறகு ஹம்மாத் பின் அபீ ஸுலைமான் (ரஹ்) அவர்களிடம் 18 ஆண்டுகள் ஓதினார்கள். ஹிஜ்ரி 120-ல் உஸ்தாத் வஃபாத்தானபின் அவர்களுடைய இடத்தில் அமர்ந்து பாடம் நடத்தினார்கள்.

ஆனாலும் கடையை மூடவில்லை. அதன் லாபத்திலிருந்து உலமாக்களுக்கும் மாணவர்களுக்கும் செலவு செய்தார்கள். வறுமையில் இருந்த மாணவர் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களின் குடும்பச் செலவையும் அப்படித்தான் கவனித்தார்கள்.

நூறு ஐந்நூறான கதை

ஒருநாள் ஒரு பெண் பட்டாடை ஒன்றை விற்பதற்காக இமாமிடம் கொண்டுவந்தார். விலை 100 என்றார். இமாம் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, இது அதைவிட அதிகம் பெறும் என்றார்கள். அந்தப் பெண் 200 என்றார். இன்னும் அதிகம் என்றார்கள். இப்படி நூறு நூறாக ஏறி 400 வந்தது. அப்போதும் இமாம் அதே பதிலைச் சொல்ல, தன்னைக் கேலி செய்வதாக அந்தப் பெண் நினைத்துவிட்டார். இமாம் கோபப்படவில்லை. விலை மதிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்துவரச் சொன்னார்கள். அவர் வந்தார். 500 கொடுத்து ஆடையை வாங்கிக்கொண்டார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அவர்கள் ஃபிக்ஹ் சட்டத்தின் மாபெரும் இமாம். ஏமாற்றுப் பேச்சு எதுவும் இல்லாத இடத்தில், விற்பவர் மதிப்புத் தெரியாமல் குறைத்துக் கேட்டாலும் அந்த வியாபாரம் செல்லும் என்பது ஹனஃபி மத்ஹபில் பிரபலமான சட்டம். ஆனால் இமாம் தம்முடைய கல்லாப்பெட்டிக்கு அந்தச் சட்டத்தின் கடைசி எல்லையை அளவுகோலாக்கவில்லை. எதிரில் நிற்பவரின் அறியாமையை லாபமாக எடுக்க அவர்களின் தக்வா இடம் தரவில்லை.

நபி (ஸல்) அவர்களும், சந்தைக்கு வரும் வணிகர்களை வழியிலேயே மறித்துச் சரக்கை வாங்குவதைத் தடுத்தார்கள். அப்படி விற்றவர் சந்தைக்கு வந்து விலையை அறிந்தால் வியாபாரத்தை முறிக்கும் உரிமையையும் அவருக்குக் கொடுத்தார்கள். சந்தை விலை தெரியாதவரைப் பாதுகாப்பது மார்க்கத்தின் நோக்கம்.

விற்கும்போதும் அதே தராசு

குறையுள்ள ஒரு துணியைத் தம் பங்காளி ஹஃப்ஸ் பின் அப்துர் ரஹ்மானிடம் கொடுத்து, குறையைச் சொல்லி விற்கும்படி இமாம் அனுப்பினார்கள். அவர் மறந்துபோய் சொல்லாமலேயே விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாம் அந்தச் சரக்கில் வந்த தொகை முழுவதையும் ஸதகா செய்துவிட்டார்கள்.

இப்படிப்பட்டவரைப் பதவியால் விலைக்கு வாங்க முடியுமா? உமய்யாக்களின் ஆளுநர் இப்னு ஹுபைரா பதவி கொடுத்தபோது மறுத்துச் சாட்டையடி பட்டார்கள். அப்பாஸிய கலீஃபா மன்ஸூர் காழியாக்க முயன்றபோதும் மறுத்துச் சிறை சென்றார்கள். ஹிஜ்ரி 150-ல் பக்தாதில் வஃபாத்தானார்கள்.

நமக்கான பாடம்

சகோதரர்களே! வாங்கி விற்பவர் லாபம் வைப்பது ஹலால். கடை வாடகை உண்டு, பணம் முடங்கும், வாங்க ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். விற்கும் விலைக்கே யாரும் வாங்க முடியாது. எனவே பொருளின் உண்மையான தரத்தைச் சொல்லுங்கள். இது அபூர்வமானது, நான் இவ்வளவு வைத்து விற்பேன், இவ்வளவு தர முடியும் என்று சொல்லுங்கள். வேறு இடத்தில் விசாரிக்கவும் விடுங்கள். பழைய நாணயமோ, நகையோ, நிலமோ, பழைய வண்டியோ, எதுவானாலும் இதுதான் அளவுகோல். அவசரத்துக்கு விற்க வருபவரிடமும், விதவையிடமும், அனாதையிடமும் இன்னும் கூடுதலாக அல்லாஹ்வை அஞ்சுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு இமாம் கூடுதலாகக் கொடுத்தது 400. அதைக் கொடுக்காமல் இருந்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அல்லாஹ்வுக்குத் தெரியும்.

யா அல்லாஹ்! எங்கள் கொடுக்கல் வாங்கலில் பரக்கத் செய்வாயாக! பிறர் அறியாமையால் வரும் லாபத்திலிருந்து எங்களைப் பாதுகாப்பாயாக! ஆமீன்.