வாக்குத்தத்தம் என்னும் திறவுகோல்
(எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் வாழ்வும் அவர் கண்ட ஆறுதலும்)

பொருநையாறு கடலைச் சேருமுன் தழுவிச் செல்லும் ஊர்களுள் திருக்குருகூர் எனும் ஆழ்வார்திருநகரி தமிழ் மறை பிறந்த ஊராகும். சடகோபர் அங்கே உறங்காப்புளியின் அடியில் வீற்றிருந்தார் என்பது மரபு. இறைவனைக் காணாது ஏங்கும் உள்ளம் தலைவியாகியும் தாயாகியும் அழுத அழுகையே திருவாய்மொழியின் பல பதிகங்களாக மலர்ந்தது. துன்பத்தை மறைத்து வைக்காமல் இறைவன் திருமுன் எடுத்து வைப்பதும் பக்தியே என்னும் பாடத்தை இவ்வாற்றங்கரை மக்கள் அத்தமிழிலிருந்து கற்றனர். அப்பாடம் ஒலித்த சூழலில் வளர்ந்த ஒரு வைணவக் குடும்பத்து மகன், தம் உள்ளத்தின் நோய்க்கு மருந்தை வேறொரு மறைநூலில் கண்டார். கண்ட மருந்தைத் தாம் கற்ற அதே தமிழில் குழைத்துப் பிறர்க்கும் ஊட்டினார். அவரே கிறித்தவக் கம்பர் எனப் போற்றப்பெறும் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை ஆவார்.

திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பு என்னும் சிற்றூரில் 1827-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள், சங்கர நாராயண பிள்ளைக்கும் தெய்வநாயகி அம்மையாருக்கும் மகனாக அவர் தோன்றினார். வைணவ வேளாளர் குடும்பம் அது. தந்தையார் கம்பராமாயணத்தில் ஆழ்ந்த பயிற்சி உடையவர். எனவே கம்பனின் விருத்தங்கள் கிருஷ்ணபிள்ளைக்கு இளமையிலேயே செவிப்பழக்கமாயின. பின்னர் முறையாக இலக்கண இலக்கியங்களைக் கற்றுத் தேர்ந்த புலவரானார். திருமாலிடத்துப் பற்றும் தமிழிடத்துப் பற்றும் அவருள் ஒன்றோடொன்று பிணைந்தே வளர்ந்தன. ஒன்றை விட்டால் மற்றொன்று நிற்குமா என்னும் வினா பிற்காலத்தில் அவரை வருத்தியிருக்க வேண்டும் என்று எண்ணுதற்கு இப்பிணைப்பே காரணமாகும்.

1853-ஆம் ஆண்டில் அவர் சாயர்புரத்துக் கல்விச்சாலையில் தமிழாசிரியரானார். ஜி. யு. போப் 1840-களில் உருவாக்கி வளர்த்த கல்விச்சாலை அது. அப்பணிக்கு அவரைத் தேர்ந்தவர், இடையன்குடியைத் தம் இருப்பிடமாகக் கொண்டு பணியாற்றிய கால்டுவெல் ஆவார். கிறித்தவப் பள்ளியில் பணியேற்ற போதும் கிருஷ்ணபிள்ளை அச்சமயத்தை ஏற்றவர் அல்லர். அதனை எதிர்க்கும் மனமே அவரிடம் இருந்தது. நாள்தோறும் மாணவர்க்கு நன்னூலும் காப்பியமும் கற்பித்தார். அதே வளாகத்தில் நாள்தோறும் விவிலியம் வாசிக்கப்படுவதையும் கேட்டார்.

கேட்டது வீணாகவில்லை. ஆயினும் முதலில் விளைந்தது ஆறுதல் அன்று, அச்சமே. தம் உள்ளத்தின் மாசு எத்தகையது, அதற்குத் தீர்வு யாது, இறப்பின் பின் தம் நிலை என்னாகும் என்னும் கவலைகள் அவரைச் சூழ்ந்தன. அவருடைய தம்பி முத்தையா பிள்ளையும் நண்பர் தனக்கோடி ராஜுவும் அவருக்கு முன்னரே கிறித்து நெறியைத் தழுவினர். நெருங்கிய இருவர் அப்பால் சென்றபின் இப்பால் நிற்பவரின் தனிமை எளிதன்று. நூல்களைப் படித்தார், வினாக்களை எழுப்பினார், வேண்டுதல் செய்தார். நெடிய போராட்டத்தின் முடிவில், தம் பாவத்தின் சுமையைக் கிறித்து சுமந்தார் என்னும் செய்தியில் அவர் நெஞ்சம் அமைதி கண்டது. தாம் கிறித்தவரான வரலாற்றைப் பிற்காலத்தில் அவரே எழுதி வைத்தார்.

1858-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் ஞாயிறன்று, சென்னை மயிலாப்பூரில் தூய தோமா ஆலயத்தில் அவர் திருமுழுக்குப் பெற்றார். ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயர்கள் அன்று அவர் பெயரின் முன் சேர்ந்தன. கிருஷ்ணன் என்னும் பெயரை அவர் களைந்துவிடவில்லை என்பது கருதத்தக்கது. சமயம் மாறியவர் குடும்பச் சொத்தில் தம் உரிமையை இழக்கலாகாது என்று 1850-ஆம் ஆண்டின் சட்டமொன்று வகை செய்திருந்தது. ஆனால் பந்தியில் இடத்தையும், பெற்றவளின் முகமலர்ச்சியையும், உறவினர் வாயிற்படியையும் எந்தச் சட்டமும் மீட்டுத் தர இயலாது. உயர்குலம் எனக் கருதப்பட்ட குடும்பங்களிலிருந்து அக்காலத்தில் கிறித்தவரானோர் பலரும் இவ்விழப்பைச் சுமந்தனர். மன அமைதி கிடைத்த அன்றே மற்றொரு துயரமும் தொடங்கியது என்பதே உண்மை.

இத்தகைய துயருற்றோர்க்கு விவிலியம் தரும் ஆறுதல் எவ்வகைப்பட்டது என்பதை ஈண்டுச் சிறிது நோக்குதல் வேண்டும். நூற்றைம்பது சங்கீதங்களைக் கொண்ட தொகுதியில் பல புலம்பல்களே. 22-ஆம் சங்கீதம் இறைவன் தன்னைக் கைவிட்டதாக முறையிட்டுத் தொடங்குகிறது. சிலுவையில் இயேசு எடுத்துக்கொண்ட சொற்கள் அவையே. 27-ஆம் சங்கீதம் பெற்றோரும் கைவிட்ட நிலையில் இறைவன் ஏற்றுக்கொள்வதைப் பேசுகிறது. 42-ஆம் சங்கீதத்தில் பாடுவோன் தன் ஆன்மாவையே அழைத்து, கலங்குவது ஏன் என்று வினவுகிறான். 88-ஆம் சங்கீதமோ விடியலைக் காணாமல் இருளிலேயே முடிந்துவிடுகிறது. அழாதே என்று வாயை அடைப்பது அன்று இந்நூலின் வழி. அழுவதற்குரிய சொற்களை முதலில் தருகிறது. அழுபவன் தனியன் அல்லன் என்று பின்னர் உணர்த்துகிறது. திருக்குருகூர்த் தமிழில் தோய்ந்த ஒருவருக்கு இவ்வழி அயலானதாகத் தோன்றியிராது.

சென்னையில் மாநிலக் கல்லூரியில் தமிழ் கற்பித்தும், பெர்சிவல் நடத்திய தினவர்த்தமானி இதழுக்குத் துணைபுரிந்தும் சில காலம் வாழ்ந்த கிருஷ்ணபிள்ளை, மீண்டும் நெல்லைச் சீமைக்கே திரும்பினார். சாயர்புரத்திலும் பாளையங்கோட்டையிலும் பின்னர்த் திருவனந்தபுரத்திலும் ஆசிரியப் பணி ஆற்றினார். இவ்வாண்டுகளில் அவர் உள்ளத்தை ஆட்கொண்ட நூல் ஜான் பனியன் இயற்றிய மோட்சப் பயணக் கதையாகும். அரசின் ஆணையை மீறிப் போதித்தமைக்காகப் பெட்போர்டுச் சிறையில் பன்னிரண்டு ஆண்டுகள் கிடந்த அந்த ஆங்கிலேயர், 1678-ஆம் ஆண்டு அந்நூலை வெளியிட்டார். விவிலியத்தின் ஒரு வசனம் தம்மைக் குற்றவாளியாக்கி அச்சுறுத்த, மற்றொரு வசனம் தேற்ற, இரண்டிற்கும் இடையே பல ஆண்டுகள் அலைக்கழிந்தவர் பனியன். அவருடைய பயணி கதையின் தொடக்கத்தில் கையில் நூலும் முதுகில் சுமையுமாக நின்று அழுகிறான். அவனை அழவைத்தது அவன் கையிலிருந்த நூலே. சாயர்புரத்து ஆசிரியர் தம் கதையையே அங்குக் கண்டதில் வியப்பில்லை.

அக்கதையைத் தழுவி அவர் இயற்றியதே இரட்சணிய யாத்திரிகம். ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்களாக, மூவாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட பாடல்களால் அமைந்த காப்பியம் அது. நற்போதகம் என்னும் இதழில் ஆண்டுக்கணக்கில் தொடராக வந்து, 1894-இல் நூலுருப் பெற்றது. பனியனின் உரைநடைக் கதை கம்பனின் விருத்த நடையில் புதுப்பிறவி எடுத்தது. பனியனிடம் விரிவாக இல்லாத ஒன்றையும் கிருஷ்ணபிள்ளை சேர்த்தார். கிறித்துவின் பாடுகளையும் மரணத்தையும் உருக்கமாக விரித்துப் பாடினார். துன்புறுவோனைத் தேற்ற வல்லவன் தானும் துன்புற்றவனாக இருத்தல் வேண்டும் என்பதே அவ்விரிவின் உட்பொருள்.

பனியன் கதையின் நடுவே ஓரிடம் உண்டு. வழிதவறிய பயணியும் அவன் தோழனும் ஐயம் என்னும் கோட்டையில் அகப்படுகின்றனர். அக்கோட்டைக்கு உரியவன் நம்பிக்கையிழப்பு என்னும் அரக்கன். உணவின்றியும் ஒளியின்றியும் அவர்களை அடைத்து, அடித்து, உயிரை மாய்த்துக் கொள்ளுமாறு தூண்டுகிறான். சில நாள் கழித்தே பயணிக்கு நினைவு வருகிறது: வாக்குத்தத்தம் என்னும் திறவுகோல் தொடக்கமுதல் அவன் மார்பிலேயே இருந்தது. அதைக்கொண்டு பூட்டுகளைத் திறந்து வெளியேறுகின்றனர். இருட்டறையில் கிடந்தபோதும் திறவுகோல் அவனை விட்டு நீங்கவில்லை. அவன்தான் அதை மறந்திருந்தான். மனச்சோர்வைப் பற்றி இதனினும் நுட்பமாகச் சொல்லப்பட்ட உவமை அரிது. சோர்வுற்றவனைப் பழிக்காமல், அவன் உடைமையையே அவனுக்கு நினைவூட்டுகிறது இக்கதை.

கிருஷ்ணபிள்ளை அத்திறவுகோலைத் தமிழால் வார்த்தார் எனலாம். அவருடைய பக்திப் பாடல்களுள் புகழ்பெற்ற ஒன்று, இறைவனை அல்லாமல் தமக்குத் துணையும் உறவும் வேறு யார் என்று ஒவ்வொரு பாடலின் முடிவிலும் வினவுவது. சுந்தரர் பதிகத்தின் ஓசை அதில் கேட்கும். ஆழ்வார்களின் சரணாகதி உணர்வும் அதில் கலந்திருக்கும். உறவு என்னும் சொல்லை அவர் ஏன் அங்கே வைத்தார் என்பது அவர் வாழ்வை அறிந்தோர்க்கு விளங்கும். யாப்பழகிற்காக மட்டும் வந்து அமர்ந்த சொல் அன்று அது. உறவின் விலையைக் கொடுத்தவர் அதனைப் பாடினார். அதனாலேயே இன்றும் தமிழ்த் திருச்சபைகளில், காப்பியத்தைக் கண்ணால் காணாதவரும் அப்பாடலைக் கண்ணீரோடு பாடுகின்றனர்.

இப்பாதையில் அவருக்கு இடர்களும் இருந்தன. கிறித்தவருள் பலருக்கு அவருடைய செந்தமிழும் வடசொற் செறிவும் எளிதில் எட்டவில்லை. தமிழ்ப் புலமை உடையோருள் பலர் பொருளின் சமயம் கருதி அதனை அணுகவில்லை. பாளையங்கோட்டையில் பிறந்த வேதநாயக சாத்திரியார் இசைப்பாடல்களால் மக்களை எளிதில் அடைந்தார். கிருஷ்ணபிள்ளையோ கற்றோர் ஏறத்தக்க மலைப்பாதையைத் தேர்ந்தார். எனினும் தாம் பெற்ற ஆறுதல் தமிழின் உயர்ந்த வடிவத்திற்கு உரியது என்னும் உறுதியிலிருந்து அவர் இறங்கி வரவில்லை. சமயத்தை மாற்றிக் கொண்டவர் செவியை மாற்றிக் கொள்ளவில்லை. திருமாலைப் பாடிய தமிழே கிறித்துவைப் பாடவும் அவருக்குப் போதுமானதாயிற்று.

முதுமையில் அவர் இரட்சணிய மனோகரம் என்னும் பாமாலையையும் தந்தார். 1900-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், எழுபத்திரண்டு ஆண்டுகள் நிறைந்து எழுபத்து மூன்றாம் ஆண்டில் நடந்த வேளையில், அவர் மண்ணுலக வாழ்வு முடிந்தது. பனியன் கதையின் பயணிக்கும் இறுதியில் ஓர் ஆறு எதிர்ப்படுகிறது. பாலமற்ற அந்த ஆற்றில் இறங்கியதும் அவன் அஞ்சுகிறான். அலைகள் தன்மேல் புரள்வதாகக் கதறுகிறான். அத்தனை வழி நடந்து வந்தவனுக்கும் அச்சம் முற்றும் நீங்கவில்லை. தண்ணீரைக் கடக்கும்போது உடனிருப்பதாக ஏசாயாவின் நூல் கூறும் உறுதி நினைவில் எழவே, அவன் கால் தரையைக் காண்கிறது. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் பொருநை கரைபுரண்டு ஊர்களுக்குள் புகுந்ததைக் கண்ட நம் பகுதி மக்களுக்கு அவ்வாற்றின் அச்சத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆண்டுதோறும் புத்தாண்டு வழிபாட்டில், நெல்லைச் சீமையின் ஆலயங்கள் பலவற்றிலும் வாக்குத்தத்த வசனம் அச்சிட்ட சிற்றட்டைகளை மக்கள் பெற்றுச் செல்வர். வீட்டுச் சுவரிலோ விவிலியத்தின் ஏடுகளுக்கு இடையிலோ அவை ஆண்டு முழுதும் இருக்கும். நோயுற்ற நாளிலும் பிள்ளையை இழந்த நாளிலும் அந்த ஒரு வரியை எடுத்துப் பார்ப்போர் உண்டு. அவ்வரி நோயையும் இழப்பையும் இல்லாதன ஆக்குவதில்லை. பூட்டிய அறைக்குள் கை தேடும் திறவுகோலாக நிற்கிறது. கரையிருப்பில் பிறந்த புலவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டு வார்த்ததும் அதுவே. துயருற்ற நெஞ்சிற்குத் தாய்மொழியின் நல்ல சொல் ஒன்றைத் தேடித் தருவதும் ஒரு வகை மருத்துவம் என்பதை அவர் வாழ்வு தமிழ்க் கவிஞர்க்குச் சொல்லிக் கொண்டிருக்கிறது.