ஆபிரகாம் லிங்கன் கண்ட இரு தேர்தல்கள்

மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய குடிசையில் பிறந்து அமெரிக்கக் குடியரசின் தலைவராக உயர்ந்தவர் ஆபிரகாம் லிங்கன் என்பதைப் பள்ளிச் சிறாரும் அறிவர். ஆசிரியர்களாகிய நாமும் கதையை அவ்வளவில் நிறுத்திவிடுகிறோம். அவர் வெல்வாரா, மீண்டும் வெல்வாரா என்று அந்நாடே ஐயுற்று நின்ற இரு வேளைகளை மாணவர்க்கு எடுத்துரைப்பதில்லை. அவற்றையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

லிங்கன் 1809 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12 ஆம் நாள் கெண்டக்கி மாநிலத்தில் பிறந்தார். ஒன்பது வயதில் தாயை இழந்தார். அவர் பள்ளி சென்ற நாள்களையெல்லாம் கூட்டினாலும் ஓராண்டு நிறையாது. தாமே கற்று வழக்கறிஞரானார். 1832 இல் இல்லினாய் மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் தோற்று, 1834 இல் வென்றார். 1855 இலும் 1858 இலும் செனட் சபைக்கு முயன்று தோல்வியே கண்டார். எனினும் 1858 இல் ஸ்டீபன் டக்ளஸ் என்பாரோடு ஏழு ஊர்களில் நிகழ்த்திய சொற்போர் அவர் பெயரை நாடெங்கும் பரப்பிற்று.

1860 மே திங்களில் குடியரசுக் கட்சி சிகாகோ நகரில் கூடியபோது, செவர்டே வேட்பாளராவார் எனப் பலரும் கணித்தனர். மூன்றாம் சுற்று வாக்கெடுப்பில் லிங்கன் தேர்வானார். எதிர்க்கட்சியோ வடக்கு, தெற்கு எனப் பிளவுற்றது. நால்வர் போட்டியிட்ட தேர்தலில் லிங்கன் பெற்றவை மக்கள் வாக்குகளில் நூற்றுக்கு 40 அளவே. தேர்வாளர் வாக்குகளிலோ 303 இல் 180. அடிமை முறை புதிய பகுதிகளுக்குப் பரவலாகாது என்பதே அன்று அவர் கொள்கை. அதனை அடியோடு ஒழிப்பதாக அவர் அன்று கூறவில்லை. இதனை நாம் மறைக்க வேண்டுவதில்லை. அதற்கே தென்மாநிலங்கள் பிரிந்தன. 1861 ஏப்ரலில் போர் மூண்டது. போரினூடே, 1863 சனவரி முதல் நாள், கிளர்ச்சிப் பகுதி அடிமைகளுக்கு விடுதலையை அறிவித்தார்.

1864 இல் மீண்டும் தேர்தல் வந்தது. 1832 இல் ஜாக்சன் வென்றபின் எந்தத் தலைவரும் இரண்டாம் முறை தேர்ந்தெடுக்கப்பட்டதில்லை. கிராண்ட் தளபதியின் படை பீட்டர்ஸ்பர்க்கில் நகராது நின்றது. மாண்டோர் தொகையோ பெருகிற்று. லிங்கன் தோற்பது உறுதி எனச் சொந்தக் கட்சியினரே பேசினர். அடிமை விடுதலையை வற்புறுத்தாமல் தெற்கோடு சமாதானம் பேசுமாறு நெருக்கினர். விட்டுக்கொடுத்திருந்தால் வாக்குகள் சில கூடியிருக்கலாம். அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆகஸ்டு 19 ஆம் நாள் பிரடெரிக் டக்ளஸ் அவரைச் சந்தித்தார். பெயர் ஒத்திருப்பினும் இவர் வேறு. அடிமையாய்ப் பிறந்து, தப்பிவந்து, கறுப்பின மக்களின் தலைவராய் விளங்கியவர். தாம் தோற்குமுன் இயன்ற அளவு அடிமைகளைத் தெற்கிலிருந்து வடக்குப் படை எல்லைக்குள் கொணர வழி காணுமாறு லிங்கன் அவரை வேண்டினார். யாருடைய வாழ்வு அத்தேர்தலைச் சார்ந்திருந்ததோ, அம்மக்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு வாக்குரிமை இல்லை என்பதை இளைஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகஸ்டு 23 ஆம் நாள் லிங்கன் ஒரு தாளில் எழுதி மடித்து, உள்ளே இருப்பதைக் காட்டாமலே அமைச்சர்களிடம் கையொப்பம் பெற்றார். தாம் தோற்கக்கூடும் என்றும், தோற்பின் புதிய தலைவர் பதவியேற்குமுன் அவரோடு ஒத்துழைத்து நாட்டின் ஒருமையைக் காப்பது தம் கடமை என்றும் அதில் எழுதியிருந்தார்.

பத்தே நாளில் காற்று திசை மாறிற்று. செப்டம்பர் 2 ஆம் நாள் அட்லாண்டா நகரம் ஷெர்மன் தளபதியின் படையிடம் வீழ்ந்தது. நவம்பர் 8 ஆம் நாள் நடந்த தேர்தலில் லிங்கன் 212 தேர்வாளர் வாக்குகளும், எதிர்த்து நின்ற மெக்லெல்லன் 21 வாக்குகளும் பெற்றனர். போர்முனையில் வாக்களித்த வீரர்களுள் பெரும்பாலோர் தம் பழைய தளபதியாகிய மெக்லெல்லனை விடுத்து லிங்கனையே ஆதரித்தனர். மூன்று நாள் கழித்து அம்மடித்த தாள் அமைச்சரவையில் பிரித்துப் படிக்கப்பட்டது.

1865 சனவரி 31 ஆம் நாள், அடிமை முறையை ஒழிக்கும் அரசியலமைப்புத் திருத்தம் கீழவையில் நிறைவேறிற்று. ஏப்ரல் 14 ஆம் நாள் லிங்கன் சுடப்பட்டார். மறுநாட் காலை உயிர் நீத்தார். அவ்வாண்டு டிசம்பர் 6 ஆம் நாள் திருத்தம் முழு ஒப்புதல் பெற்றது. எட்டாண்டுகளுக்குப் பின், 1873 இல், மகாத்மா சோதிராவ் பூலே தாம் எழுதிய குலாம்கிரி என்னும் நூலை, அடிமைகளின் விடுதலைக்கு உழைத்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார்.