குருவிக் கூட்டருகே சலீம் அலி

1896-இல் மும்பையில் பிறந்த சலீம் அலி, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து தாய்மாமா வீட்டில் வளர்ந்தார். ஒருநாள் அவர் சுட்ட குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம். முஸ்லிம்கள் இதை உண்ணலாமா என்ற ஐயத்தோடு மாமாவிடம் போனார். மாமா அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பினார். அந்த ஐயமே அவரைப் பறவையியல் அறிஞராக்கியது.

1930-இல் வேலையில்லாமல் கீஹிம் கடற்கரைக் கிராமத்தில் மனைவி தஹ்மினாவுடன் தங்கியிருந்தார். சோர்ந்துவிடாமல் வீட்டருகே தூக்கணாங்குருவிகளைக் கவனித்தார். ஆண் பாதிக் கூடு கட்டும். பெண் பார்த்துப் பிடித்தால் குடியேறும். ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கும். இதை விளக்கிய கட்டுரையே அவருக்குப் பெயர் தேடித் தந்தது.

1976-இல் பத்ம விபூஷண் பெற்ற அவர், 1987-இல் 90 வயதில் மறைந்தார். நம் தாமிரபரணிப் பகுதிப் பனைகளிலும் அக்கூடுகள் தொங்குகின்றன. பிள்ளைகளோடு சற்று நின்று பாருங்கள்.