டாக்டர் பால் பிராண்ட்

கைத்தொழிலையே உயிராகக் கொண்டது நம் விருதுநகர் ஜில்லா. சிவகாசியிலும் சாத்தூரிலும் தீக்குச்சி அடுக்கும் விரல்களும், வெடிக்குத் திரி வைக்கும் விரல்களும் ஓய்ந்துவிடின் அடுப்பில் பூனை உறங்கும். ஆதலின், கை முடங்கினோர்க்குக் கையளித்த பெரியார் ஒருவரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

பால் வில்சன் பிராண்ட் 1914-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 17-ஆம் நாள் கொல்லிமலையில் பிறந்தார். தந்தையார் ஜெஸ்ஸியும் தாயார் ஈவ்லினும் அம்மலைவாழ் மக்களுக்கு மருந்தும் சுவிசேஷமும் ஒருங்கே வழங்கிய மிஷனெரிகள். ஒன்பதாம் பிராயத்தில் கல்வியின்பொருட்டு இவர் இங்கிலாந்துக்கு அனுப்பப்பெற்றார். 1929-இல் தந்தையார் மலையிலேயே காய்ச்சலால் காலமாயினர். மைந்தர் அவர் முகத்தை மீண்டும் கண்டாரில்லை. முதலில் வைத்தியத்தில் மனஞ் செல்லாது தச்சும் கொத்தும் பயின்றார். பின்னர் லண்டனில் வைத்தியம் கற்று, உடன் பயின்ற மார்கரெட் அம்மையாரை 1943-இல் மணந்து, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

வந்த சின்னாளில் டாக்டர் காக்ரேன் இவரைச் செங்கற்பட்டுத் தொழுநோய் நிலையத்திற்கு அழைத்துச் சென்றார். ஆண்டு விரல்கள் கொக்கிபோல் மடங்கிய நோயாளி ஒருவரின் கையைப் பிராண்ட் பற்ற, அக்கை இவர் கையை நோவுண்டாக இறுக்கிற்று. செத்ததென்று எல்லோரும் கைவிட்ட கையில் வலிமை மிகுந்த தசைகள் இருத்தலை அக்கணமே உணர்ந்தார்.

உள்ளங்கைச் சிறு தசைகளை இயக்கும் நரம்பைத் தொழுநோய் கெடுக்கும். மணிக்கட்டைப் புறமாக நிமிர்த்தும் தசைகளின் நரம்பையோ பெரும்பாலும் தீண்டாது. அந்நல்ல தசைகளுள் ஒன்றின் நாணை விடுவித்து, அது விரல்களை எட்டாமையால், எடுத்துவிடினும் நடைக்குக் குறைவு நேராத மெல்லிய நாணொன்றைக் கெண்டைக்காலினின்று கொணர்ந்து ஒட்டி, நான்கு கிளையாக்கி நான்கு விரல்களிலும் தைத்தார். பயிற்சியால் அத்தசை புதிய ஏவலைக் கற்றது, விரல்கள் விரிந்தன.

எனினும் குணமடைந்தோர் சிலர் முறையிட்டு மீண்டனர். கை நேரானமையால் பிச்சை இடுவாரில்லை. நோயின் அச்சத்தால் வேலை தருவாருமில்லை. அப்பொழுதன்றோ பிராண்ட் இளமையிற் கற்ற தச்சுத் தொழில் பயன்பட்டது! வேலூரில் புதுவாழ்வு நிலையம் அமைத்து, அவர்களுக்குத் தாமே மரவேலை கற்பித்தார். விரல்கள் நோயால் அழுகி உதிர்வதில்லை, நோவுணர்ச்சி இன்மையால் சுடுகலம் பற்றியும் காயமுற்றும் அழிகின்றன என்பதை அங்கேதான் தெளிந்தார். உறங்குவோர் விரலை இரவில் எலி கடித்தலைக் கண்டு, வீடு செல்வோர்க்குப் பூனை கொடுத்தனுப்பினாராம்.

1960-இல் லாஸ்கர் பரிசு இவரை வந்தடைந்தது. 1966-இல் அமெரிக்கா சென்று கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் பணிபுரிந்தார். 2003-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

இந்நாளில் தோளின் தசைநாண்கள் தைக்கவியலாவண்ணம் கிழிந்தவிடத்துத் தொடைச் சவ்வை ஒட்டிடுதலும், முதுகுத் தசையின் நாணை மாற்றி இணைத்தலும் நடைபெறுகின்றன. உறுப்பு வேறாயினும் நெறி ஒன்றே: இருக்குமிடத்தில் இன்றியும் அமைவதை, இன்றியமையாத இடத்திற்கு ஈதல். வெடித்தீயால் கை சுருங்கியோர் நம் வீதிகளிலும் உளர். கையைச் சீராக்குதலோடு, அக்கைக்கு வேலை தேடித் தருதலும் வைத்தியத்தின் பகுதியே என்பதை இவர் சரிதத்தினின்று நாம் கற்போமாக.